மலையில் குடியிருப்பவருக்கு எந்தக் காது மெஷின் ஒத்துவரும்?

“எந்தக் கம்பெனி மெஷின் நல்லது?” காது மெஷின் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். அப்பாவுக்காக அலைந்தபோது நானும் இதைத்தான் கேட்டேன். இரண்டு குளிர்காலம் போய், கோத்தகிரியிலிருந்து கோவைக்கு ஆறு தடவை இறங்கி ஏறி, இரண்டு மெஷின் வீணாகிப் போனபிறகு, இப்போது யாராவது என்னிடம் வந்து கேட்டால் நான் திருப்பிக் கேட்பது வேறு. மெஷினில் குறும்பி அடைத்தால் எடுத்துவிட வீட்டில் யார் இருக்கிறார்கள்? சத்தம் சரியில்லை என்றால் திருத்திக் கொடுக்கிறவர் எத்தனை மணிநேரத் தூரத்தில் இருக்கிறார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஃபோனாக், சிக்னியா, ஓட்டிகான், வைடெக்ஸ், ரீசவுண்ட், ஸ்டார்க்கி என்று பெயர் பெற்ற கம்பெனிகள் ஆறேழு இருக்கின்றன, எல்லாருமே நல்ல மெஷின் செய்கிறவர்கள்தான், ஒரே கம்பெனியிலேயே சாதாரண மாடலும் உண்டு, லட்சக்கணக்கில் போகிற மாடலும் உண்டு. கம்பெனி பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா 31 வருடம் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ரோலர் ஓடுகிற இடத்தில் ஆரம்பித்து, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. மெஷின் பக்கம் இருந்து ரிட்டயர் ஆனார். எட்டு மணிநேர ஷிஃப்டுக்கு 90 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன வயதில், காதை அடைத்துக்கொண்டு வேலை செய்த ஒருவரைக்கூட அந்த ஃபேக்டரியில் நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட இரைச்சல் உள்காதில் இருக்கிற மெல்லிய மயிர்செல்களை அழித்துவிடும், அவை மறுபடி முளைக்காது. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சென்ற ஒலிகள். வயதானால் வருகிற காது மந்தமும் அந்த உயர்ந்த ஒலிகளில்தான் ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்தால், எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது.

இதைத் தமிழில் சொன்னால் சட்டென்று விளங்கும். உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலி, சத்தமும் அவற்றுக்குத்தான் அதிகம், அதனால் அவை அப்பாவுக்குக் கேட்டுவிடும். வல்லின மெய்யெழுத்துகள் மெல்லிய, உயர்ந்த ஒலி, அவை நழுவிவிடும். கடை, தடை, படை, சடை நான்குமே அவர் காதில் ‘அடை’தான். “சத்தம் கேக்குது பாப்பா, பேச்சுதான் புரியல” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் ரொம்ப நாள் அதை மறதி என்று நினைத்துவிட்டேன். அந்த நாட்களில் நான் கத்திக் கத்திப் பேசியதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும், அவருக்கு வேண்டிய மெய்யெழுத்து இன்னும் அமுங்கிப்போகும். நேராக முகம் பார்த்து, நிதானமாகப் பேசினாலே பாதி புரிந்திருக்கும்.

அதனால் மெஷினுக்கு முன்னால் டெஸ்ட். டெஸ்ட் முடிவைக் கோடாகப் போட்டுக் காட்டுகிற ஆடியோகிராம் என்கிற அந்த ஒரு தாளை வாங்காமல் எந்த மெஷினையும் தொடாதீர்கள். எவ்வளவு சத்தம் வைத்தால் காதுக்குக் கேட்க ஆரம்பிக்கிறது என்பதுதான் அதில் இருக்கிற எண். 25 டெசிபல் வரை நல்ல காது, 40 வரை லேசான குறை, 55 வரை நடுத்தரம், 70 வரை அதற்கும் கொஞ்சம் மேல், 90 வரை கடுமை, அதைத் தாண்டினால் மிகக் கடுமை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு ஒவ்வோர் ஒலிக்கும் வேறு வேறு எண் வரும். அப்பாவுக்கு 500 ஹெர்ட்ஸில் 30, 1,000-இல் 45, 2,000-இல் 60, 4,000-இல் 75. கோடு எங்கள் ஊர் ரோடு மாதிரி சரிந்து இறங்கும். இந்தச் சரிவுதான் எந்த வகை மெஷின் என்பதைத் தீர்மானிக்கிறது. டெஸ்டுக்கு முன்னால் இ.என்.டி. டாக்டர் ஒருமுறை காதுக்குள் பார்த்துவிட வேண்டும், சில பேருக்குக் குறும்பி அடைத்திருந்தது மட்டும்தான் பிரச்சினையாக இருக்கும். சீழ் வடிந்தால், தலைசுற்றல் இருந்தால், ஒரு காது மட்டும் மோசமாக இருந்தால் மெஷின் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். அதிலும் ஒரே ராத்திரியில் ஒரு காது போய்விட்டது என்றால் மறுநாளே ஓட வேண்டும், ஆரம்ப நாட்களில் மருந்து கொடுத்தால் திரும்ப வாய்ப்பு இருக்கிறது, தாமதிக்கத் தாமதிக்க அது குறைந்துவிடும்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

முதலில் வீணானது ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு வாங்கிய பெருக்கி. காது மெஷின் என்றுதான் படம் போட்டு விற்கிறார்கள். உண்மையில் அது வருகிற சத்தம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெரிதாக்குகிற பொருள். அப்பாவுக்குத் தாழ்ந்த ஒலி ஏற்கெனவே ஓரளவு கேட்கும், அதையும் பெருக்கி, கேட்காததையும் கொஞ்சம் பெருக்கினால் என்ன ஆகும்? குக்கர் விசில், தட்டு விழுகிற சத்தம், தகரக் கூரையில் மழை எல்லாம் இடியாக விழுந்தது, பேச்சு முன்னைப் போலவே குழப்பம். நான்காம் நாள் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அமெரிக்காவில் 2022 முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் கடையிலேயே மெஷின் வாங்கலாம், 2024-இல் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்போனைக் காது மெஷினாகப் பயன்படுத்தவும் அங்கே அனுமதி கிடைத்தது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை அந்தந்த ஆளின் காதுக்கு ஏற்ப ஒலியைத் திருத்திக்கொள்பவை, அதுவும் லேசான, நடுத்தரக் குறை உள்ள பெரியவர்களுக்கு மட்டும். 1,500 ரூபாய்ப் பெருக்கியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒயர் மாட்டுகிற பழைய பாக்கெட் மாடலைச் சிலர் கேவலமாகப் பார்க்கிறார்கள், அது தவறு. படுத்த படுக்கையாக இருக்கிற, கை நடுங்குகிற, காது ரொம்ப மோசமாகிவிட்ட பெரியவர்களுக்கு அது இன்றும் நல்ல துணை. பென்டார்ச் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், திருகுகிற குமிழ் பெரிதாக இருக்கும், தொலையாது. துணி உரசுகிற சத்தம் வரும், நடமாடுகிறவர்களுக்கு ஒயர் தொந்தரவு, அவ்வளவுதான்.

இரண்டாவது வீணானது காதுக்குள்ளேயே மறைந்துபோகிற சி.ஐ.சி. வகை. அதற்குக் காரணம் வெட்கம். தம்பி கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, நாலு பேர் பார்ப்பார்கள் என்று அப்பா தயங்கினார், கீழே ஒரு கடையில் “வெளியில தெரியவே தெரியாது சார்” என்று சொன்னதும் எங்களுக்கும் அது பிடித்துவிட்டது. விலை 40 ஆயிரத்தைத் தாண்டியது. ஆடியோகிராமை நீட்டினோம், அதை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்கிற காதை இப்படி முழுதாக அடைக்கக் கூடாது என்று அங்கேயே தெரிந்திருக்கும். காதை மூடியதும் அவர் குரலே அவருக்குப் பானைக்குள் பேசுகிற மாதிரி எதிரொலித்தது, சோறு மெல்லுகிற சத்தம்கூட மண்டைக்குள் கேட்டது. கூடவே குறும்பி. காதுக்குள் உட்கார்ந்திருக்கிற மெஷின் என்பதால் ஒலி வருகிற துளை அடிக்கடி அடைத்துக்கொண்டது, ஒவ்வொரு தடவையும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை. பேட்டரியோ மஞ்சள் அட்டை 10-ஆம் எண், பயறு அளவு, மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் தீர்ந்துவிடும். மார்கழிக் குளிரில் விரல் மரத்துப்போன அப்பா அதை மாற்ற முயன்று கீழே போட்டு, நாங்கள் டார்ச் அடித்துத் தேடிய ராத்திரிகள் பல.

ஆனாலும் அந்த வகையே கூடாது என்று சொல்ல மாட்டேன். காதுக்குள் இருப்பதால் ஆடிக்காற்று மைக்கில் அறையாது. குல்லாவும் மஃப்ளரும் உரசாது. பைக்கில் போகிறவருக்கு ஹெல்மெட் போடும்போது தட்டி விழாது. காது மடலின் வளைவுகள் வழியாகவே ஒலி உள்ளே போவதால், சத்தம் முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்பதும் இதில் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். எல்லா ஒலிகளிலும் ஒரே அளவாக நடுத்தரக் குறை, உலர்ந்த காது, நிதானமான விரல்கள், ஐம்பதுக்குள் வயது, வெளியில் சுற்றுகிற வேலை என்றால் நானே இதைச் சொல்வேன். அப்பாவுக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மிச்சம் இரண்டு வகை, இவற்றுக்கு நடுவில்தான் நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இரண்டுமே காதுக்குப் பின்னால் உட்காருபவை. பி.டி.இ. என்பதில் ஸ்பீக்கர் பின்னாலிருக்கிற மெஷினுக்குள்ளேயே இருக்கும், ஒலி ஒரு ட்யூப் வழியாகக் காதுக்கு வரும், நுனியில் உங்கள் காதை அச்சு எடுத்துச் செய்த மோல்டு இருக்கும். ஆர்.ஐ.சி. என்பதில் ஸ்பீக்கர் மட்டும் மெல்லிய ஒயரில் இறங்கிக் காதுக்குள் போய்விடும், நுனியில் குடை மாதிரி சின்ன சிலிக்கான் மூடி. அந்த மூடியில் ஓட்டை வைத்தது உண்டு, அதைப் போட்டால் காது அடைபடாது, தாழ்ந்த ஒலி தானாகவே உள்ளே போகும், மெஷின் மேல் ஒலிகளை மட்டும் சேர்த்துக் கொடுக்கும். சரிவான ஆடியோகிராம் உள்ளவர்களுக்கு இது வரம். அப்பா போட்டுப் பார்த்த முதல் நிமிடமே “என் குரல் என் குரலாட்டமே இருக்கு” என்றார்.

மலை விஷயம் இங்கேதான் குறுக்கே வருகிறது, கீழே இருக்கிற கடைகளில் இதை யாரும் சொல்லவில்லை. பனிக்காலத்தில் பி.டி.இ. ட்யூபுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். காதுக்குள்ளிருந்து வருகிற வெதுவெதுப்பான ஈரக்காற்று, வெளியே குளிர்ந்துகிடக்கிற ட்யூபில் பட்டு முத்துமுத்தாய் நின்றுவிடும், ஒரு துளி போதும், மெஷின் செத்துவிட்டது என்று நினைக்க வைக்கும். ஆனால் வைத்தியம் ரொம்பச் சுலபம். மோல்டைக் கழற்றி, கையால் அமுக்குகிற சின்ன ரப்பர் பந்தால் ஊதினால் துளி வெளியே வந்துவிடும், ட்யூப் மஞ்சளித்து விறைத்துவிட்டால் குறைந்த செலவில் மாற்றிக்கொள்ளலாம். ஆர்.ஐ.சி.யில் நீர் கோக்க ட்யூபே இல்லை, பதிலாக ஸ்பீக்கரே காதின் ஈரத்திலும் குறும்பியிலும் உட்கார்ந்திருக்கிறது. அதன் வாயில் இருக்கிற வேக்ஸ் கார்டு என்கிற கடுகளவு வடிகட்டியைத் தவறாமல் மாற்ற வேண்டும், அசட்டையாக இருந்தால் ஸ்பீக்கரே போய்விடும், அதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும். ஆக, வீட்டில் கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் இருந்தால் ஆர்.ஐ.சி., தனியாக இருக்கிற பெரியவர், காதில் சீழ் வந்து வந்து போகிறவர், குறை 80 டெசிபலை ஒட்டியவர் என்றால் மோல்டு போட்ட பி.டி.இ. என்பது என் கணிப்பு. மோல்டிலும் வழவழப்பான அக்ரிலிக் வயதானவர்கள் போட்டுக்கழற்ற எளிது, சிலிக்கான் மெத்தென்று இருந்தாலும் மடங்கிக்கொள்ளும்.

எந்த வகையானாலும் ராத்திரி ஈரம் எடுக்கிற டப்பாவில் வைக்க வேண்டும், இது இங்கே சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவுகிற மாதிரி. சிலிக்கா ஜெல் உருண்டை போட்ட டப்பா போதும். உருண்டை நிறம் மாறிவிட்டால் சூடாக்கியோ புதிதாக வாங்கியோ மாற்ற வேண்டும், நம் ஊர் மழையில் அது பெட்டிமேல் போட்டிருக்கிற கணக்கைவிடச் சீக்கிரம் நிறம் மாறும். ஐ.பி.68 என்று போட்டிருந்தால் தண்ணீர் பட்டாலும் தாங்கும் என்று அர்த்தம், மாதக்கணக்கில் உள்ளே கசிகிற மூடுபனிக்கு அது உத்தரவாதம் ஆகாது.

பேட்டரியா சார்ஜரா என்பதுதான் எங்கள் வீட்டில் அதிகம் விவாதித்த கேள்வி. மாற்றுகிற பேட்டரிகள் துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்பவை, முதுகில் ஒட்டியிருக்கிற நிற ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய் மின்சாரம் வர ஆரம்பிக்கும். உரித்தவுடனே மாட்டாமல் ஐந்து நிமிடம் மேசைமேல் வைத்துவிட்டு மாட்டினால் முழு பலத்தோடு தொடங்கும். உரித்ததைத் திரும்ப ஒட்டி மிச்சப்படுத்த முடியாது. 312 பழுப்பு நிறம், 13 ஆரஞ்சு, 675 நீலம். எண்ணில் குழம்ப வேண்டாம், நிறத்தைச் சொன்னால் மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார்கள். 13 என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம் வரும். காற்றை நம்பிய பேட்டரி என்பதால் உயரத்தில் அது கொஞ்சம் திணறும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு, அதோடு குளிரும் சேர்ந்தால் ‘பேட்டரி தீர்ந்தது’ என்கிற பீப் சத்தம் சீக்கிரமே வந்துவிடும். காலையில் சட்டைப் பைக்குள் வைத்துச் சற்று வெதுவெதுப்பாக்கிவிட்டுப் போட்டால் பரவாயில்லை. ஒன்று முக்கியம்: பேரப்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், விழுங்கினால் ஆபத்து.

சார்ஜ் செய்கிற மெஷினில் இந்தத் தொல்லை இல்லை. ராத்திரி பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு மணிநேரத்தில் நிறையும், காலையிலிருந்து படுக்கப்போகிற வரை தாங்கும். விரல் மரத்தவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் இதைவிடச் சௌகரியம் கிடையாது. குறை இரண்டு. நான்கைந்து வருடத்தில் உள்ளிருக்கிற லித்தியம் பேட்டரி களைத்துவிடும், பெரும்பாலான மாடல்களில் அதைச் சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற முடியும். இன்னொன்று கரண்ட். மழைக்காலத்தில் ஒயர்மேல் மரம் சாய்ந்தால் எங்கள் பக்கம் இரண்டு நாள் இருட்டுதான். அந்த இரண்டு நாளில்தான் அப்பாவுக்குக் காது மிகவும் தேவை, மண் சரிகிறதா, யாராவது கூப்பிடுகிறார்களா என்று. அதனால் சார்ஜர் பெட்டிக்குள்ளேயே பேட்டரி வைத்த மாடலா, செல்போன் பவர் பேங்கில் மாட்ட முடிகிற யு.எஸ்.பி. ஒயரா என்று கேட்டுத்தான் வாங்கினேன். உறைபனி விழுகிற ராத்திரியில் சார்ஜரை ஜன்னலோரம் வைக்கக் கூடாது, உறைகிற குளிரில் லித்தியம் சரியாகச் சார்ஜ் ஏறாது.

ஒரு காதுக்கா, இரண்டுக்குமா? பணம் இரட்டிப்பாவதால் எல்லாரும் ஒன்றோடு நிறுத்தப் பார்க்கிறார்கள், நாங்களும் ஆர்.ஐ.சி.யை முதலில் ஒரு காதுக்குத்தான் வாங்கினோம். மார்கழியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கப் போன அப்பா, தேயிலைக்குள் நின்ற காட்டெருமை சீறியதைக் கேட்டார். நன்றாகவே கேட்டார். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை, மெஷின் இருந்த வலது காதுப் பக்கமிருந்து வருவதாகத் தோன்றி இடது பக்கம் நகர்ந்தார், அது இடது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தது. எதிரே வந்த பிள்ளைகள் கத்திக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஒலி எந்த காதுக்கு முதலில் வந்தது, எந்த காதில் உரக்கக் கேட்டது என்கிற நூலிழை வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒரு காது மட்டும் பெரிதாகக் கேட்டால் அந்தக் கணக்கு பிசகிவிடும். காட்டெருமையும் கரடியும் ரோட்டில் நடக்கிற ஊரில் இதைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது. இரண்டு காதிலும் குறை இருந்தால், ஒரு காதுக்கு விலையுயர்ந்த மெஷின் வாங்குகிற பணத்தில் இரண்டு காதுக்கும் சாதாரண மெஷின் வாங்குங்கள். சந்தை இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் கேட்கவும் இரண்டு காதும் வேண்டும்.

சேனல் எண்ணிக்கையை வைத்து விலை ஏற்றுவார்கள். ஒலியை எத்தனை துண்டாகப் பிரித்துத் திருத்த முடியும் என்பதுதான் சேனல். ஓர் அளவுக்கு மேல் அதைக் கூட்டுவதால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை, வீட்டில் இருந்துகொண்டு நாலு பேரோடு பேசுகிறவருக்கு நடுத்தர மாடலே போதும். புளூடூத் விஷயத்தில் மட்டும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதியுங்கள். சில மெஷின்கள் ஐபோனோடும், 2019-க்குப் பிறகு வந்த குறிப்பிட்ட ஆண்ட்ராய்டு போன்களோடும்தான் நேராக இணையும். ஃபோனாக் 2018-இல் கொண்டுவந்த மார்வெல் வரிசை மாதிரியானவை சாதாரண புளூடூத் உள்ள எந்தப் போனோடும் சேரும். அப்பா வைத்திருப்பது பட்டன் போன், அதனால் இது எங்களுக்குப் பெரிய விஷயமாகவே இருந்தது. காதைச் சோதித்து மெஷினைப் பொருத்திக் கொடுக்கிற ஆடியாலஜிஸ்ட், ஆப் வழியாகத் தூரத்திலிருந்தே மெஷினைத் திருத்துகிற வசதியும் இப்போது வந்திருக்கிறது, மலை இறங்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி, வீட்டில் நெட்வொர்க் நிற்க வேண்டும், ஸ்மார்ட்போன் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் எங்கே வாங்குவது. மெஷினை விட இதில்தான் எங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. மூன்றாவதாகப் போன இடத்தில் ஓர் ஆடியாலஜிஸ்ட், மெஷினைப் போட்டபிறகு மெல்லிய ட்யூப் ஒன்றைக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளந்தார். ரியல் இயர் மெஷர்மென்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் தானாகப் போட்ட அளவுக்கும் அப்பா காதில் விழுந்த அளவுக்கும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நல்ல இடைவெளி இருந்தது, அதைச் சரிசெய்ததும்தான் ‘கடை’ கடையாகக் கேட்டது. முதல் இரண்டு இடத்திலும் இதை யாரும் செய்யவில்லை. ஆகவே போன் செய்து கேட்க வேண்டிய கேள்விகள் இவை: ரியல் இயர் செய்வீர்களா, ஆடியாலஜிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா, பத்து நாளாவது வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுப்பீர்களா, அடுத்தடுத்த திருத்தத்துக்குத் தனிக் காசா. போட்டுப் பார்க்கும் நாட்களில் அப்பாவை வரவேற்பறையில் உட்கார வைக்காமல் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் கூட்டிப்போனேன், மஃப்ளர் போட்டும் நடக்க வைத்தேன். மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், மோல்டு இறுக்கமாக இருந்தால் அது இன்னும் கடுப்பாகும், துளை வைத்த மோல்டு கேளுங்கள், இல்லையென்றால் வளைவுகள் முடிகிற வரை கழற்றி வைத்துவிடுங்கள். இன்னொன்று, காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் சேர்த்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

பணம் இல்லை என்பதற்காக யாரும் காதை விட்டுவிட வேண்டாம். இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் குறை இருந்தால் 2016-ஆம் வருடச் சட்டப்படி அது மாற்றுத்திறன், சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கினால் அரசு காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷினை இலவசமாகக் கொடுக்கிறது, ஊட்டியில் இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அறுபது வயது தாண்டிய ஏழை முதியோருக்கு 2017-இல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்திலும் காது மெஷின் உண்டு. கொடுக்கிற மெஷின் பெரிதாக, எளிமையாக இருக்கும். மோல்டு சரியாக அச்செடுத்துப் போட்டு, அளவு திருத்திக்கொண்டால் அது நன்றாகவே வேலை செய்யும். வாங்கி வந்து அப்படியே போட்டால்தான் விசில் அடிக்கிறது, சலித்துப்போய்க் கழற்றிவிடுகிறார்கள்.

கடைசியில் அப்பாவுக்கு இரண்டு காதுக்கும் சார்ஜ் செய்கிற ஆர்.ஐ.சி., நடுத்தர மாடல், இரண்டும் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் வாரம் தினம் இரண்டு மணிநேரம், பிறகு நான்கு என்று கூட்டினோம். காகிதம் கசங்குவதும் செருப்பு உரசுவதும்கூட அவருக்கு எரிச்சலாக இருந்தது, பல வருடம் கேட்காத ஒலிகளோடு மூளை மறுபடி பழக ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதத்தில் கைவிட்டுவிடாதீர்கள். ஞாயிறு காலை வேக்ஸ் கார்டு மாற்றுவது என் வேலை.

கூடலூர் பக்கம் தேவாலாவில் இருக்கிற அத்தைக்கு இதையே வாங்கிக் கொடுத்திருந்தால் தவறாகியிருக்கும். அவருக்கு இரண்டு காதிலும் 80 டெசிபல், தனியாக இருக்கிறார், அங்கே பெய்கிற மழையை நான் சொல்லத் தேவையில்லை. அவருக்கு மைசூர்தான் வசதி, அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965-இலிருந்து அங்கே இருக்கிறது, கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக பஸ் போகிறது, ராத்திரி ஒன்பதுக்குமேல் காட்டு ரோட்டை மூடிவிடுவதால் திரும்புகிற நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்ரிலிக் மோல்டு போட்ட பி.டி.இ., ஆரஞ்சு அட்டை பேட்டரி, ஊதுகிற ரப்பர் பந்து ஒன்று, ஜெல் டப்பா ஒன்று. ஆறு பேட்டரி உள்ள அட்டை எப்போதும் இரண்டு கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். இப்போதைக்கு வலது காதுக்கு மட்டும்தான். இடது காதுக்கும் போட்டால் பேச்சு தெளிகிறதா, வெறும் சத்தம்தான் கூடுகிறதா என்று போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள், மழை விட்டதும் அத்தையைக் கூட்டிக்கொண்டு மறுபடி மைசூர் போகிறேன்.